மீன்குஞ்சுக்கு உயிருணவு

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்போர்க்கு நன்கு பழகிய துயரம் ஒன்றுண்டு. தாய்மீன் இட்ட முட்டைகள் நூற்றுக்கணக்கிற் பொரிக்கின்றன. குஞ்சுகள் சில நாள் தம் வயிற்றோடு ஒட்டிய கருவுணவை உண்டு கிடந்து, பின்பு நீந்தத் தொடங்குகின்றன. அடுத்த மூன்று நான்கு நாள்களுள் தொட்டியின் அடியில் வெண்மையான தூசு போற் சில கிடக்கக் காண்கிறோம். அவை அக்குஞ்சுகளே. நோய் கண்டு இறந்தன என எண்ணி மருந்து தேடி அலைகிறோம். பெரும்பாலும் அவை பட்டினியால் இறந்தவை.

தூளுணவு இட்டோமே என்பீர்கள். ஏஞ்சல் மீன் போன்றவற்றின் இளங்குஞ்சு அசையாப் பொருளை உணவென எளிதில் அறிவதில்லை. கண்முன் துடித்துச் செல்வதையே பாய்ந்து கவ்வும். அவித்த கோழிமுட்டையின் மஞ்சட்கருவைக் கரைத்து ஊற்றுவோரும் உளர். அதிற் குஞ்சு உண்பது சிறிது. நீரிற் கிடந்து அழுகுவது பெரிது.

இப்பட்டினியைத் தீர்க்க வல்லது ஆட்டீமியா எனப்படும் உவர்நீர்க் கூனி. சந்தையில் நாம் வாங்கும் கூனி இறால் அன்று இது. அதற்குத் தூரத்து உறவு எனலாம். கடலினும் பன்மடங்கு உப்பேறிய நீரில், மீன் எதுவும் பிழைக்க மாட்டாத இடத்தில், இது பல்கி வாழும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பெரிய உப்பேரி இதற்குப் பேர்பெற்றது. கடைகளில் தகரப் பேணியில் வரும் முட்டையுட் கணிசமான பகுதி அங்கிருந்து வருவதே. ஆயினும் அயல்நாட்டுக்கே உரிய உயிர் என்று எண்ணிவிட வேண்டா. நம் புத்தளத்து உப்பளங்களிலும், கடலுக்கு அப்பால் தூத்துக்குடி உப்பளங்களிலும் ஆணின்றியே பெண் இனம்பெருக்கும் ஒரு வகை வாழ்கின்றது. பாத்தியின் நீரிற் பெருகும் பாசியைத் தின்று நீரைத் தெளிவிப்பதால் உப்பு விளைவோர்க்கும் அது உதவியே. மீன்குஞ்சுக்கு இதனை உணவாக்கலாம் என்பதை 1933ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் சீல் என்பாரும், 1939ஆம் ஆண்டில் நோர்வேயில் ரொலெவ்சன் என்பாரும் எடுத்துக் காட்டினர்.

நீர் நல்லதாயிருக்குங் காலத்தில் இக்கூனி குட்டிகளையே ஈனும். நீர் வற்றி உப்பு மிகும்போது, அல்லது வேறு இடர் நேரும்போது, தடித்த ஓடு போர்த்த முட்டைகளை இடும். முட்டை என வழங்கினும் அதனுள் இருப்பது வளர்ச்சி இடையில் நின்று உறங்கும் கருவே. ஒன்றின் குறுக்களவு ஏறத்தாழ மில்லிமீற்றரின் காற்பங்கு. ஒரு கிராமில் இரண்டு இலட்சத்துக்கு மேல் அடங்கும். உலர்ந்த நிலையில் ஆண்டுக்கணக்கில் உறங்கி, உப்புநீர் பட்டதும் ஒரே நாளில் விழித்தெழும். கையாற் குழித்த பந்து போல் ஒடுங்கியிருந்த முட்டை ஒன்றிரண்டு மணி நேரத்தில் நீருறிஞ்சி உருண்டையாகின்றது. பின்னர் ஓடு வெடிக்க, மெல்லிய சவ்வுப் பை ஒன்றினுட் கரு ஓட்டின் கீழே தொங்குகின்றது. உருப்பெருக்குக் கண்ணாடி உடையோர் இதனைக் காணத் தவறலாகாது. சிறிது நேரத்திற் சவ்வு கிழிந்து, செம்மஞ்சள் நிறக் குடம்பி வெளிப்பட்டு நீந்தும். அதன் நீளம் அரை மில்லிமீற்றருக்கு மேற்படாது.

பொரிக்கும் முறை எளிது. சோடாப் போத்தல் வடிவான பிளாத்திக்குப் போத்தல் ஒன்றின் அடியை அறுத்து, வாய் கீழாகத் தொங்கவிடுக. வாயை அடைப்பானால் இறுக மூடி, அதனூடே திறந்து மூடக்கூடிய சிறு குழாய் ஒன்றைச் செலுத்துக. ஒரு இலீற்றர் நீருக்கு உப்பு 25 முதல் 30 கிராம் வரை, அதாவது ஒரு மேசைக்கரண்டி குவிய, இட்டுக் கரைக்க. குழாய்நீராயின் ஒருநாள் திறந்து வைத்துக் குளோரீன் நீங்கிய பின் கொள்க. நம் கிணற்றுநீர் சில ஊர்களில் மென்மையானது; அவ்வாறாயின் ஒரு சிட்டிகை அப்பச்சோடா சேர்த்தல் நன்று. முட்டை கால் தேக்கரண்டி போதும். மிகுதியாகப் போட்டால் மிகுதியாகப் பொரிக்கும் என்பது பேராசை. நெருக்கத்தால் உயிர்வளி குன்றிப் பொரிப்புக் குறையும். காற்றுக்குழாயைப் போத்தலின் அடிவரை இறக்கி, எந்த முட்டையும் தங்கிக் கிடவாதபடி நீரைக் கொதிப்பது போற் புரளச் செய்க. நுண்குமிழிக் கல் வேண்டா. நுரை கட்டி முட்டைகள் மேலே ஒட்டிக்கொள்ளும். முதல் சில மணி நேரம் விளக்கொளி படவேண்டும். நனைந்த கருவை உறக்கத்தினின்றும் எழுப்புவதில் ஒளிக்கும் பங்குண்டு.

வெப்பம் 28 பாகை செல்சியசு அளவில் இருப்பின் 24 மணி நேரத்துள் பொரிப்பு முடியும். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இதற்குத் தனி ஏற்பாடு வேண்டுவதில்லை. நுவரெலியாவில் உள்ளோர் மின்குமிழை அருகே வைத்துச் சூடேற்றாவிடின், இரண்டு நாளாகியும் பொரிக்கவில்லையே என்று முட்டை விற்றவரை நோகாதிருக்க வேண்டும்.

இனி, பலர் கவனியாது விடும் செய்தியைக் கூறுகிறேன். பொரித்த குடம்பிக்கு முதலில் வாயும் குடலும் தொழிற்படுவதில்லை. தாய் வைத்த கொழுப்பும் புரதமுமே அதன் உடல். அச்செம்மஞ்சள் நிறமே அவ்வுணவுச் சேமிப்புக்கு அடையாளம். ஏறத்தாழ எட்டு மணி நேரத்தில் அது தோலுரித்து அடுத்த பருவத்தை அடைகின்றது. பொரித்த ஒரு நாளுக்குள், உணவின்றி விடப்பட்டால், தன்னிடமுள்ள சக்தியில் நாலிலொரு பங்கையும் இழந்துவிடும். நிறம் வெளிறும், உருவம் பருக்கும், ஓட்டமும் விரைவாகும். குஞ்சின் கண்ணுக்குப் புலப்படாது, வாய்க்கு அடங்காது, பிடிக்கும் முயற்சிக்கு ஈடான சத்தும் தராது. போத்தலில் உயிரோடு துள்ளுகின்றனவே என்று இரண்டு மூன்று நாள் வைத்து இறைப்போர் வெறுங்கூட்டையே ஊட்டுகின்றனர். எத்தனை ஆயிரம் பொரித்தது என்பதினும் பொரித்து எத்தனை மணி ஆயிற்று என்பதே கணக்கு. இதன்பொருட்டு இரண்டு போத்தல் வைத்து, ஒன்றிற் காலையிலும் மற்றதில் மாலையிலும் முட்டை இடுதல் வழக்கமாக வேண்டும். மிஞ்சியதை உப்புநீரோடு ஆழமில்லாத தட்டிற் பரப்பிக் குளிர்பெட்டியில் வைத்தால், குளிரால் ஓட்டம் ஒடுங்கிச் சத்து ஒரு நாள் வரை பெரிதும் குன்றாது.

அறுவடையும் நுட்பமானதே. காற்றை நிறுத்தி, போத்தலின் மேற்பகுதியைக் கருந்துணியால் மூடி, அடிப்பக்கம் விளக்கை வைக்க. குடம்பிகள் ஒளியை நாடிக் கீழே திரளும். வெற்றோடுகள் மேலே மிதக்கும். பொரியாத முட்டைகள் அடியிற் படியும். ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். அதற்கு மேல் தாமதித்தால் திரண்ட கூட்டம் மூச்சு முட்டி மடியும். குழாயைத் திறந்து முதலில் வரும் சிறிதளவை ஒதுக்கிவிடுக. அதில் இருப்பது பொரியாத முட்டை. பின்பு வருவது செம்மஞ்சள் முகில். கபில நிற ஓடுகள் குழாயை நெருங்கும் முன்னரே மூடுக. ஓடு செரிப்பதில்லை, அதனை விழுங்கிய குஞ்சின் குடல் அடைபட்டு அது இறத்தலும் கூடும். பெற்றதை நெருக்கமாக நெய்த பருத்தித் துணியில் வடித்து, நன்னீரில் ஒருமுறை அலசி, துளித்துளியாகத் தொட்டியில் விடுக. நன்னீரிற் குடம்பிகள் சில மணி நேரமே உயிர்தாங்கும். மிஞ்சியவை இறந்து அழுகும். ஆகையால் ஒருநாளைக்கு இரண்டு மூன்று முறை சிறிது சிறிதாகக் கொடுத்தலே முறை. உண்ட குஞ்சின் வயிறு செம்மஞ்சளாகப் பருத்துத் தோன்றும். கண்ணாடிக்கு வெளியே நின்றே எண்ணிவிடலாம். கப்பிக் குஞ்சு பிறந்த அன்றே இதனை உண்ணும். குறுங்கூராமிக் குஞ்சுக்கோ முதல் சில நாள்களுக்கு இதுவும் பெரிது. அதற்கு இலைதழை ஊறிய நீரின் நுண்ணுயிர்களே வேண்டும்.

முட்டைப் பேணியைத் திறந்தவுடன் வேண்டியதை உலர்ந்த கரண்டியால் எடுத்து, மீண்டும் இறுக மூடுங்கள். நம் நாட்டு ஈரக்காற்றுப் பட்டால் முட்டை அரைகுறையாக விழித்து, மேற்கொண்டு வளர நீரின்றி உள்ளேயே மடியும். சிறு போத்தல்களிற் பங்கிட்டு, ஒன்றை வெளியே வைத்து மற்றவற்றைக் குளிர்பெட்டியில் வைப்பவர்க்கு, கடைசிக் கரண்டியும் முதற்கரண்டி போலவே பொரிக்கும்.