நடக்கும் கைக்கு ஏற்ற கையுறை

குளிர்கால மலைப் பயணத்திற்கு மெல்லிய ஃப்ளீஸ் கையுறையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

டிசம்பர் பிறந்ததும் இமயமலையை நோக்கிப் புறப்படுவோர் பலர். உத்தராகண்டின் கேதார்காந்தாவில் பனிமேல் நடப்பது, ஔலியிலும் குல்மார்கிலும் பனிச்சறுக்குப் பழகுவது, சந்தக்பூ முகட்டில் நின்று காஞ்சன்ஜங்காவைக் காண்பது எனக் குளிர்கால விடுமுறைக்குரிய விருப்பங்கள் பெருகியுள்ளன. இத்தகைய பயணத்திற்குக் காலணியும் ஜாக்கெட்டும் வாங்குவதில் நாம் மிகுந்த கவனம் செலுத்துகிறோம். கையுறையையோ புறப்படும் நாளில், கண்ணில் பட்ட முதல் கடையில் வாங்கிக்கொள்கிறோம். வெப்பமான ஊர்களில் வளர்ந்த நம்மில் பலருக்குக் கையுறை பழக்கமில்லாத பொருள் என்பதும் இதற்கு ஒரு காரணம். ஆகவே கடைக்காரர் காட்டுவதில் மிகத் தடிமனானது எதுவோ அதுவே சிறந்தது என்று நம்பிவிடுகிறோம்.

மலையில் நடப்பவருக்கு இந்த நம்பிக்கை உதவுவதில்லை. கையுறை வாங்கும்போது, ‘இது எவ்வளவு தடிமன்?’ என்பதற்கு முன்னதாக, ‘இதை அணியும் நேரத்தில் நான் இயங்கிக்கொண்டிருப்பேனா, நின்றுகொண்டிருப்பேனா?’ என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இயங்கும் கைக்கு ஏற்றது மெல்லிய ஃப்ளீஸ் கையுறை. ஓய்ந்து நிற்கும் கைக்கு அது மட்டும் போதாது. இவ்விரண்டையும் பிரித்தறிந்தால், குறைந்த செலவில் நம் விரல்களைக் காத்துக்கொள்ளலாம்.

விரல்கள் ஏன் முதலில் குளிர்கின்றன?

குளிர் தாக்கும்போது இதயம், நுரையீரல் முதலிய உள்ளுறுப்புகளின் வெப்பத்தைக் காப்பதற்கே உடல் முதலிடம் தருகிறது. அதற்காகக் கை, கால்களின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. விரல்களில் வெப்பத்தை உண்டாக்கும் தசை மிகக் குறைவு; அவற்றின் பருமனோடு ஒப்பிட்டால் மேற்பரப்போ அதிகம். எனவே இரத்த ஓட்டம் குறைந்த சில நிமிடங்களிலேயே விரல் நுனிகள் மரத்துப்போகத் தொடங்குகின்றன.

ஏற்றத்தில் நடக்கத் தொடங்கியதும் நிலைமை மாறுகிறது. தசைகள் வெப்பத்தை உண்டாக்குகின்றன, இரத்தம் மீண்டும் விரல்களுக்குப் பாய்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. அப்போது தடித்த கையுறை அணிந்திருந்தால் வியர்வை வெளியேற வழியின்றி உட்புறம் நனைந்துவிடும். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும் தன்மையுடையது. ஆகவே நடக்கும்போது சுகமாக இருந்த அதே கையுறை, ஓய்வுக்காக நின்ற சிறிது நேரத்தில் கையைக் குளிரச் செய்கிறது. மலையில் நம் கைகளுக்குக் குளிரைப் போலவே வியர்வையும் பகை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஃப்ளீஸ் துணியின் இயல்பு

ஃப்ளீஸ் என்பது பாலியெஸ்டர் இழைகளால் பின்னி, மேற்பரப்பைச் சீவி, மென்மயிர் போல எழும்பச் செய்த துணி. 1979ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மால்டன் மில்ஸ் நிறுவனம் இத்துணியை உருவாக்கியது. இன்று பழைய பிளாஸ்டிக் புட்டிகளை உருக்கி எடுத்த இழைகளாலும் இது தயாரிக்கப்படுகிறது.

அந்த மென்மயிர்களுக்கிடையே சிறைப்படும் அசையாத காற்றே நமக்கு வெதுவெதுப்பைத் தருகிறது. பாலியெஸ்டர் இழை, தன் எடையில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான ஈரத்தையே காற்றிலிருந்து உறிஞ்சுகிறது. பருத்தியோ ஏறத்தாழ 8 விழுக்காடு உறிஞ்சும். இதனால் ஃப்ளீஸ் சற்று நனைந்தாலும் முற்றிலும் பயனற்றுப் போவதில்லை. உதறிப் பிழிந்தால் விரைவில் உலர்கிறது. பனி மலைக்குப் பருத்திக் கையுறை கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

இதன் குறைகளையும் அறிந்திருத்தல் நலம். வியர்வை ஆவியை வெளியேற்றும் அதே இடைவெளிகள் வழியே காற்று உள்ளே நுழைகிறது. வெப்பநிலை மைனஸ் 10 டிகிரி செல்சியஸாக இருக்கையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், திறந்த தோலுக்கு அது மைனஸ் 20 டிகிரிக் குளிரைப் போலத் தாக்கும். அத்தகைய காற்றில் வெறும் ஃப்ளீஸ் சிறிதளவே காக்கும். மேலும், பனித்துகள்கள் அதன் மயிர்களில் ஒட்டிக்கொண்டு உருகிக் கையை நனைக்கும். ஆகவே ஃப்ளீஸ் கையுறையை உடையின் ஓர் அடுக்காகவே கருத வேண்டும்.

ஒரு நாள், மூன்று நிலைகள்

ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரமுள்ள கேதார்காந்தாவின் சிகர நாளை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பொழுது விடிவதற்கு வெகு முன்பே, இருளில், முகாமிலிருந்து புறப்படுவது அங்கு வழக்கம். கூடாரத்தின் வெளியே காலணி கட்டி, வழிகாட்டிக்காகக் காத்து நிற்கும் நேரமே மிகக் குளிரான நேரம். கை இயங்குவதில்லை. அப்போது ஃப்ளீஸின் மேல் தடித்த வெளிக்கையுறை வேண்டும்.

ஏற்றம் தொடங்கி உடல் சூடேறியதும், வியர்ப்பதற்கு முன்பே வெளிக்கையுறையைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு மெல்லிய ஃப்ளீஸுடன் நடக்க வேண்டும். ஊன்றுகோலைப் பற்றுவதற்கும், பையின் வார்களை இறுக்குவதற்கும், தண்ணீர்க் குப்பியைத் திறப்பதற்கும் விரல்கள் தடையின்றி இயங்கும். மெல்லிய கையுறையின் பெருநன்மை இதுதான்: தடித்த கையுறையை அணிந்தவர் இவ்வேலைகள் ஒவ்வொன்றுக்கும் அதைக் கழற்றி வெறுங்கையைக் குளிருக்குக் காட்ட நேரிடுகிறது.

மரங்கள் முடிந்து திறந்த முகட்டை அடைந்ததும் காற்று வலுக்கும். அங்கே ஃப்ளீஸின் மேல் காற்றும் நீரும் புகாத மெல்லிய மேலுறையை அணிய வேண்டும். சிகரத்தில் நின்று படமெடுத்து, கதிரவன் எழுவதைக் காணும்போது மீண்டும் இயக்கம் நின்றுவிடுகிறது. தடித்த கையுறை பையிலிருந்து வெளிவர வேண்டிய தருணம் அது. பெரும்பாலோர் தவறவிடுவதும் இந்தத் தருணத்தையே. கை குளிர்ந்த பின் கையுறையை மாற்றுவதைவிட, நிற்பதற்கு ஆயத்தமாகும்போதே மாற்றிவிடுவது சிறந்தது.

இறக்கத்தில் பனியில் சறுக்கி விளையாட விரும்புவோர் நீர்புகா மேலுறையை மறக்கலாகாது.

கடையில் கவனிக்க வேண்டியவை

தடிமன்: ஃப்ளீஸ் துணியின் கனம் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எனக் குறிக்கப்படுகிறது. 100 கிராம் மெல்லியது; 200 நடுத்தரம்; 300 தடித்தது. விறுவிறுப்பாக நடப்பவர்களுக்கும் ஓடுபவர்களுக்கும் 100 கிராமை ஒட்டிய துணியே பொருந்தும். எளிதில் கை குளிர்ந்துவிடுவோர் 200 வரை செல்லலாம். அதற்கு மேல் சென்றால் மேலுறைக்குள் கை நுழைவது கடினம்.

அளவு: கட்டைவிரலை விட்டுவிட்டு, விரல் முட்டிகளைச் சுற்றி உள்ளங்கையின் சுற்றளவை நாடாவால் அளந்து, தயாரிப்பாளரின் அளவுப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். அணிந்தபின் கையை இறுக மூடித் திறந்து பாருங்கள். மூடும்போது விரலிடுக்கில் இழுத்தால் அளவு சிறியது. இறுக்கம் இரத்த ஓட்டத்தைத் தடுத்து, குளிரைக் கூட்டவே செய்யும். விரல் நுனியில் துணி தொங்கினால் அளவு பெரியது. பிடிப்பும் குறையும், வெதுவெதுப்பும் குறையும்.

மணிக்கட்டு: ஜாக்கெட்டின் கைக்குள் செல்லும் அளவுக்கு நீளமும், மென்மையான இழுவைப் பட்டையும் இருக்க வேண்டும். மணிக்கட்டின் தோலுக்கு அருகிலேயே இரத்தக் குழாய்கள் செல்வதால், அங்கே இடைவெளி விழுந்தால் விரல்களும் குளிரும்.

உள்ளங்கை: வழவழப்பான ஃப்ளீஸ் ஊன்றுகோலில் நழுவும். உள்ளங்கையில் சிலிக்கான் புள்ளிகளோ வலுவூட்டிய துணியோ உள்ளதைத் தேர்ந்தெடுப்பது நன்று.

தொடுதிரை: கட்டைவிரல், ஆள்காட்டிவிரல் நுனிகளில் மின்கடத்தும் இழை வைத்துத் தைத்த கையுறைகள் கிடைக்கின்றன. உங்கள் கைப்பேசியைக் கொண்டே கடையில் சோதித்துப் பாருங்கள். படம் எடுப்பதற்கு அவை உதவும். சிறிய எழுத்துகளைத் துல்லியமாகத் தட்டுவதற்கு எப்போதும் உதவுவதில்லை.

மேலுறையோடு சேர்த்து: ஃப்ளீஸை அணிந்த கையோடு மேலுறையை அணிந்து, அதன் பின்னரும் விரல்கள் எளிதாக மடங்குகின்றனவா என்று பார்த்த பிறகே இரண்டையும் வாங்க வேண்டும். தனித்தனியே பொருந்தியவை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தாமல் போவதுண்டு.

காற்றுத்தடுப்புப் படலம் சேர்த்த ஃப்ளீஸ் கையுறைகளும் விற்பனையில் உள்ளன. அவை நகர்ப்புறக் குளிரில் இருசக்கர வாகனம் ஓட்டுவோருக்கும், மெதுவாக நடப்போருக்கும் உகந்தவை. வியர்வை வெளியேறுவது அவற்றில் குறைவு என்பதால், செங்குத்தான ஏற்றத்திற்குப் படலமற்ற ஃப்ளீஸே மேல்.

செலவைத் திட்டமிடுதல்

எளிய ஃப்ளீஸ் கையுறை சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. எனவே நாங்கள் பரிந்துரைப்பது, ஃப்ளீஸில் இரண்டு இணைகளைச் சொந்தமாக வாங்குவதே. ஒன்று நனைந்தாலும் தொலைந்தாலும் மற்றொன்று பையில் உலர்ந்திருக்கும். விலை கூடுதலான தடித்த வெளிக்கையுறையை, ஆண்டுக்கு ஒரு முறை மலைக்குச் செல்பவர் வாடகைக்கு எடுப்பதே சிக்கனம். மலைப் பயண ஏற்பாட்டாளர்கள் பலர் இவ்வசதியை அளிக்கின்றனர். வாடகைக்கு எடுக்குமுன் தையல் பிரிந்துள்ளதா, உட்புறம் உலர்ந்துள்ளதா என்று சோதிப்பது அவசியம்.

மலைச் சிற்றூர்களில் வலைத்தொடர்பு உறுதியில்லை; குளிரில் கைப்பேசியின் மின்கலமும் விரைவில் தளரும். சிறு தொகைகளாக ரொக்கத்தைக் கையுறை அணிந்தபடியே எடுக்கத்தக்க பையில் வைத்திருங்கள். பயணக் காப்பீடு எடுத்தவர்கள், எத்தனை மீட்டர் உயரம் வரையிலான மலையேற்றம் அதில் அடங்கும், மீட்புச் செலவு உண்டா என்பதைப் புறப்படுமுன் ஆவணத்தில் படித்தறிய வேண்டும்.

பராமரிப்பு

வெதுவெதுப்பான நீரில் மென்சோப்பால் அலசி, நிழலில் உலர்த்தினால் போதும். துணியை மென்மையாக்கும் திரவங்கள் இழைகளின்மேல் படிந்து, ஈரத்தை வெளியேற்றும் திறனைக் குறைக்கும். இஸ்திரி போடலாகாது. முகாம் தீயின் அருகே ஃப்ளீஸ் கையுறையோடு கையை நீட்டுவதும் தவறு. பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளக் கூடியது.

எச்சரிக்கை அறிகுறிகள்

விரல் நுனி வெளிறி, ஊசி குத்துவது போன்ற உணர்வு தோன்றினால் அதைப் பொறுத்துக்கொண்டு நடக்கக் கூடாது. உடனே கைகளை அக்குளில் வைத்து வெப்பமூட்டி, உலர்ந்த கையுறைக்கு மாறி, வழிகாட்டியிடம் சொல்ல வேண்டும். வலி திடீரென மறைந்து, தோல் மெழுகு போல வெளுத்துக் கெட்டிப்பட்டால் அது பனிக்கடியின் அடையாளம். வலி நின்றதை நலம் என எண்ணி ஏமாறக் கூடாது. அவ்விடத்தைத் தேய்ப்பதும், பனியால் உரசுவதும், தீயில் காட்டுவதும் திசுக்களை மேலும் சிதைக்கும். விரைவாகக் கீழிறங்கி மருத்துவ உதவி பெற வேண்டும். நீரிழிவால் விரல்களில் உணர்ச்சி குறைந்தவர்களும், குளிரில் விரல் வெளிறும் இயல்புடையவர்களும், பயணத்தைத் திட்டமிடும் போதே மருத்துவரைக் கலந்தாலோசிப்பது நலம்.

விரல்களின் வெப்பம் உடலின் வெப்பத்திலிருந்தே வருகிறது என்பதையும் மறக்கலாகாது. தலையும் மார்பும் குளிரில் நடுங்கும்போது எந்தக் கையுறையும் விரலைக் காக்காது. தொப்பியும் உலர்ந்த உள்ளாடையும் வேளை தவறாத உணவும் கையுறையின் துணைகளே.

சுருங்கக் கூறின், நடப்பதற்கு மெல்லிய ஃப்ளீஸ், காற்றுக்கும் பனிக்கும் மேலுறை, நிற்பதற்குத் தடித்த கையுறை. இம்மூன்றையும் புறப்படுமுன் வீட்டிலேயே அணிந்து, கழற்றி, பையின் மேற்பகுதியில் வைத்துப் பழகிக்கொள்ளுங்கள். இருளிலும் குளிரிலும் அப்பழக்கம் கைகொடுக்கும்.