யார் மேல தப்பு, சொல்லுங்க!

திருவண்ணாமலை செங்கம் சாலைப் பக்கம், மாடியில் ஒரு சின்ன அறை. மனநல ஆலோசகர் ஒருவர் நடத்துகிறார். உள்ளே வந்த தம்பதி உட்காரவேயில்லை. கணவர் அண்ணாந்து நாலு மூலையையும் பார்த்தார். "ரெக்கார்டு ஏதும் ஆகுதாங்க?" மனைவி, வாட்ஸ்அப் உரையாடல்களைப் பிரிண்ட் எடுத்து வந்திருந்தார். மேசையில் வைத்துவிட்டு, "மேடம், யார் மேல தப்புன்னு நீங்களே சொல்லிடுங்க" என்றார்.

பேர், அடையாளம் எல்லாம் மாற்றித்தான் ஆலோசகர் இதைச் சொன்னார். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

குடும்பச் சண்டையை ஸ்டுடியோவில் உட்காரவைத்துத் தீர்க்கிற நிகழ்ச்சிகளை வருடக்கணக்கில் பார்த்த பழக்கம் இது. அங்கே ஒரு மணி நேரத்தில் அழுகை, அதட்டல், சமரசம் எல்லாம் முடிந்துவிடும். இங்கேயோ கூச்சம் தெளியவே இரண்டு மூன்று வாரம் ஆகும். குறுக்கே பேசாமல் கேட்பதுதான் ஆலோசகர் வேலையில் பாதி. டி.வி.யில் அந்த அமைதியை இசை போட்டு நிரப்பிவிடுகிறார்கள். 1896-ல் வந்து சேர்ந்த ரமணர் பேசாமலேயே பலருக்கு ஆறுதல் தந்த ஊர் இது. இங்கேயே, இரண்டு நிமிடம் பேசாதிருந்தால் "இதுக்கா ஃபீஸ்?" என்கிறார்களாம்.

கவுன்சலிங் என்ற சொல்லை வீட்டுக்குள் கொண்டுவந்ததே டி.வி.தான் என்பார்கள். உண்மைதான்.

என்னை உறுத்துவது வேறு. நிகழ்ச்சி முடிந்தும், வெட்டிய துண்டுகள் யூடியூபில் கிடக்கின்றன. அன்று அம்மா மடியில் இருந்த குழந்தை இன்று ப்ளஸ் டூ படிக்கும். வகுப்பில் ஒருவன் அதைத் தேடி எடுத்தால் போதும். சிகிச்சை பெறுபவரின் படத்தையோ விவரத்தையோ சம்மதமின்றி ஊடகத்துக்குத் தரக்கூடாது என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம். ஸ்டுடியோவுக்குப் போனவர் சிகிச்சைக்குப் போகவில்லையே! கையெழுத்தும் போட்டிருப்பார், ஆத்திரத்தில். குழந்தையை யார் கேட்டார்கள்? முகம் காட்டாமல் இலவசமாகப் பேச 14416 என்ற மனநல உதவி எண் இருக்கிறது. 2022-ல் வந்தது, 24 மணி நேரமும் எடுப்பார்கள். அந்த எண்ணையாவது திரையின் அடியில் ஓடவிடலாம்.

அந்தத் தம்பதி முன்னால் ஆலோசகர் தன் செல்போனை அணைத்து டிராயரில் வைத்துக் காட்டினாராம். அப்படியும் கணவர் ஆலோசகரைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தார். நான்காவது வாரம்தான் நாற்காலியைத் திருப்பி மனைவியைப் பார்த்து உட்கார்ந்தார்.