குறுக்குப் பாதையில் ஓர் ஓட்டம்

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலே வழிகள் இரு வகைப்படும். ஒன்று வண்டிப்பாதை. பாரமேற்றிய மாடுகள் இளைக்காமல் ஏறவேண்டுமென்று, மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி வெட்டப்பட்டது. மற்றையது குறுக்கு. அதனை எந்த நில அளவையாளரும் வரையவில்லை. லயத்திலிருந்து மலைக்கும், மலையிலிருந்து கொழுந்து நிறுக்கும் இடத்துக்கும் நேரே போகவேண்டிய கால்களே அதனை இட்டன. இவ்விரு வழிகளுக்குமுள்ள வேறுபாட்டை நடந்து செல்பவன் கண்ணால் அறிவான். ஓடிச் செல்பவனுக்கு அதை நெஞ்சாங்கூடே சொல்லிவிடும்.

நான் ஓடுவது ஹப்புத்தளைப் பக்கத்திலே. தம்பேதன்னைத் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து ‘லிப்டன் சீற்’ எனப்படும் மலைமுனை வரை வண்டிப்பாதை வழியே ஏறத்தாழ 7 கிலோமீற்றர். 1890 இல் இப்பகுதித் தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன், அம்முனையில் அமர்ந்து தமது நிலத்தை நோக்கி மகிழ்ந்தார் என்பர். ஹப்புத்தளைக்குப் புகையிரதம் வந்ததோ 1893 இல்தான். அதற்கு முன் இம்மலைகளில் ஏறியதும் இறங்கியதும் மாட்டின் முதுகாலும் மனிதரின் தலையாலுமே.

ஓட்டமென்றால் பந்தய ஓட்டமன்று. கையிலே கடிகாரம் கட்டுவதில்லை. விடியற்காலையில், பிரட்டுக்கு ஆட்கள் கூடுமுன் புறப்படுவேன். முதல் ஒரு மைல் வரை மனம் சந்தைக்கடையாகவே இருக்கும். கொடுக்கவேண்டிய கடன், எழுதவேண்டிய கடிதம், முதல்நாள் ஒருவர் சொன்ன சுடுசொல் எல்லாம் கூடவே ஓடிவரும். ஏற்றம் தொடங்கியதும் அவை ஒவ்வொன்றாய்ப் பின்தங்கிவிடுகின்றன. மூச்சுக்கே காற்றுப் போதாதபோது கவலைக்குக் காற்று ஏது? பிறகு காதில் விழுவன சிலவே. பீலியில் நீர் கொட்டும் ஓசை, லயத்துச் சேவல், பனி சொட்டும் சவுக்கு மரம், ஈர மண்ணில் என் சப்பாத்துகள். மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் உலகமே இல்லை. அந்தப் பத்தடிக்குள் நான் அடைந்த அமைதியை வேறெங்கும் அடைந்ததில்லை.

ஒருநாள் திரும்பி வருகையில், வெறுஞ்சாக்குடன் மலைக்கு ஏறிக்கொண்டிருந்த பெண்கள் வழிவிட்டு ஒதுங்கினர். அவர்களில் மூத்தவர் கேட்டார்:

“ஏன் தம்பி, யாராச்சும் வெரட்டுறாங்களா?”

“இல்லக்கா, சும்மாதான் ஓடுறேன்.”

“சும்மாவா! இந்த ஏத்தத்துலயா?”

எல்லோரும் சிரித்தனர். நானும் சிரித்தேன். சும்மா இருப்பதன் சுகத்தைப் பெரியோர் பாடியிருக்கின்றனர். சும்மா ஓடுவதன் சுகத்தை எவரும் பாடியதாகத் தெரியவில்லை. ஆயினும் அந்தச் சிரிப்பு நெடுந்தூரம் என்னுடன் ஓடிவந்தது. பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18 கிலோ கொழுந்து பறித்தாலே முழுப் பெயர் விழும். அந்தச் சுமையுடன் அவர்கள் இறங்கும் குறுக்கிலேதான் நான் வெறுங்கையனாய்த் துள்ளி இறங்குகிறேன்.

இவ்வழிகளின் வயதை எண்ணிப் பார்க்கிறேன். 1820களிலே கோப்பிக்காகத் தென்னிந்தியாவிலிருந்து மக்கள் கொண்டுவரப்பட்டனர். 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869 இல் கோப்பியில் இலைநோய் கண்டு, காலப்போக்கில் அப்பயிர் அழிந்தது. பயிர் மாறிற்று, துரைமார் மாறினர், ஏறியிறங்கிய கால்களோ அதே குடிகளின் கால்களாகவே இருந்துவந்தன. இன்று ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் ‘பெக்கோ ட்ரெயில்’ என்ற 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நடைவழி, பழைய தோட்டப் பாதைகளை 22 பகுதிகளாக இணைத்திருக்கிறது. வெளிநாட்டார் அதை நாடி வருகின்றனர். நல்லதே. ஆனால் அவர்களிடம் வண்டிப்பாதையின் கதை சொல்லப்படுகிற அளவுக்குக் குறுக்கின் கதை சொல்லப்படுவதில்லை என்பது என் எண்ணம்.

இந்த ஓட்டங்களினால் என் கண்ணிற் பட்ட இன்னொன்று கான். மழைநீர் மண்ணை அரித்துவிடாதபடி மலைச்சரிவுக்குக் குறுக்கே வெட்டப்பட்ட வடிகாலைத் தோட்டத்தார் அவ்வாறு அழைப்பர். குறுக்கில் இறங்குபவன் சில பாக தூரத்துக்கு ஒருமுறை ஒரு கானைத் தாண்டவேண்டும். இம்மலைத்தொடரின் தென்சரிவில், கொஸ்லந்தை மீரியபெத்தையிலே, 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களை மூடிற்று. பராமரிப்பற்ற வடிகால்களும் ஒரு காரணமென அப்போது பேசப்பட்டது. அடைபட்ட கானில் நிற்கும் நீர் வேறெங்கும் போவதில்லை, மலைக்குள்ளேயே இறங்குகிறது.

சென்ற மாதம் ஒரு முதியவர் தனியாக நின்று மண்வெட்டியால் கான் வாரிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க நின்றேன்.

“தனியாவா செய்றீங்க, ஐயா?”

“முந்தி இதுக்குன்னே ஒரு கூட்டம் இருந்துச்சு தம்பி. இப்ப நான்தான்” என்றார். இடுப்பை நிமிர்த்தி, கீழே லயத்துப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார்.

அவர் வாரிய கானை நன்றாகவே எட்டித் தாண்டவேண்டியிருந்தது. அதற்குக் கீழே இருந்தவற்றில் மண்ணும் புல்லும் நிறைந்திருந்தன. தாண்டாமலே ஓடி இறங்கினேன்.