எடைமேடை சொல்லும் எண்

புதுக்கோட்டை மாவட்டச் சாலைகளில் கருங்கல் ஜல்லி ஏற்றிச் செல்லும் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். அத்தகைய லாரி எடைமேடையில் ஏறி நின்றதும், பக்கத்து அறையில் உள்ள எடைகாட்டியில் எண்கள் ஒளிர்கின்றன. அதே எண் கணிப்பொறித் திரையிலும் தோன்றி, சீட்டாக அச்சாகிறது. எடை கணிப்பொறிக்குள் எப்படிப் போயிற்று?

மேடைக்கு அடியில் 'லோடு செல்' என்னும் எஃகுத் துண்டுகள் உள்ளன. பாரம் ஏறும்போது அவை கண்ணுக்குத் தெரியாத அளவு நெளிகின்றன. அப்போது அவற்றின்மீது ஒட்டியுள்ள மெல்லிய உலோக இழைகளின் மின்தடை மாறுகிறது. எடைகாட்டி இம்மாற்றத்தை எண்ணாக்கி, சீரியல் போர்ட் வழியே கணிப்பொறிக்கு அனுப்புகிறது. 1960-ல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆர்.எஸ்.-232 முறையே பல எடைமேடைகளில் இன்றும் பயன்படுகிறது.

குறுகிய வரப்பில் ஒருவர் பின் ஒருவராக நடப்பதுபோல, இம்முறையில் பிட்டுகள் ஒரே கம்பியில் ஒவ்வொன்றாகச் செல்கின்றன. '5' என்னும் இலக்கத்தின் ஆஸ்கி எண் 53. இரும முறையில் 00110101. இதை வலக்கோடியிலிருந்து ஒவ்வொரு பிட்டாக அனுப்புவார்கள். தொடக்கத்தைக் காட்ட முன்னால் ஒரு 0. முடிவைக் காட்டப் பின்னால் ஒரு 1. ஆக, ஓர் எழுத்துக்கு 10 பிட்டுகள். 9600 பாட் வேகத்தில் நொடிக்கு 960 எழுத்துகள் செல்லும். தந்தித் துறையில் புதுமை செய்த பிரெஞ்சுக்காரர் எமில் போதோவின் பெயரே 'பாட்' ஆயிற்று.

இரு முனைகளுக்கும் பொதுவான கடிகாரம் இல்லை. ஆகவே வேகத்தை முன்னதாகவே ஒத்துக்கொள்ள வேண்டும். எடைகாட்டி 9600-ல் அனுப்ப, கணிப்பொறி 4800-ல் கேட்டால், பொருளற்ற குறிகளே வரும். இத்தவறு உடனே தெரிந்துவிடும். தெரியாமல் ஏமாற்றும் தவறு வேறொன்று உண்டு.

பைத்தான் போன்ற ஸ்கிரிப்ட் மொழியில் சில வரிகளிலேயே போர்ட்டைத் திறந்து, வேகத்தைக் குறித்து, வருவதைப் படித்துவிடலாம். ஆனால் பல எடைகாட்டிகள் எடையை இடைவிடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். 24650 கிலோ என்று அது சொல்லும்போது நம் நிரல் நடுவில் காது கொடுத்தால், 4650 மட்டுமே விழும். பிழை என்று சொல்ல முடியாத, ஒழுங்கான எண்! ஆனால் 20 டன் காணாமல் போய்விட்டது. ஜல்லியின் விலையும் லாரி வாடகையும் அந்தச் சீட்டை நம்பியே கணக்கிடப்படுகின்றன அன்றோ?

இதைத் தடுப்பது எளிது. எடைகாட்டி ஒவ்வொரு வரியின் இறுதியிலும் ஒரு முடிவுக் குறி இடும். முதலில் கிடைக்கும் அரைகுறை வரியைத் தள்ளிவிட்டு, அடுத்த வரியை முடிவுக் குறி வரை முழுமையாகப் படிக்க வேண்டும். எழுத்துகளின் எண்ணிக்கை சரியா என்று பார்க்க வேண்டும். தொடர்ந்து சில முறை ஒரே எடை வந்தால்தான் ஏற்க வேண்டும்; லாரி அசையும்போது எண்ணும் அசையும். காத்திருப்பதற்கும் கால வரம்பு வைக்க வேண்டும். கம்பி கழன்றிருந்தால், நிரல் பழைய எடையை அச்சிடாமல், 'எடை வரவில்லை' என்றே கூற வேண்டும்.

இன்றைய மடிக்கணினிகளில் சீரியல் போர்ட் பெரும்பாலும் இல்லை, யு.எஸ்.பி. மாற்றி ஒன்று போதும். ஆர்டுயினோ பலகை கிடைத்தால் மாணவர்கள் இதையெல்லாம் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கருவி பேசுவதைக் கேட்பது எளிது. முழுவதையும் கேட்டோமா என்று உறுதி செய்வதே நிரல் எழுதுபவரின் கடமை.