மும்பையில் மழைக்காலம்

தமிழகத்தை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு மழைக்காலம் என்னும் சொல் இரு பொருள் தருகிறது. பிறந்த மண்ணில் ஐப்பசியும் கார்த்திகையும் மழை மாதங்கள். மேற்குக் கரையிலோ ஆனியும் ஆடியுமே மழை மாதங்கள். மகப்பேறு, திருமணம், வேலைத் தேர்வு என்று ஏதேனும் ஒரு காரணம் பற்றி நம் உறவினர் மும்பைக்கு வரும் நாட்கள் பெரும்பாலும் இம்மாதங்களிலேயே அமைந்துவிடுகின்றன. ஆதலின் அந்நகரத்து மழையின் இயல்பை முன்கூட்டியே அறிந்து வைப்பது நம் அனைவர்க்கும் நன்று.

இம்மழையைக் கொணர்வது தென்மேற்குப் பருவக்காற்று. வழக்கமாக ஜூன் 1-ஆம் நாளை ஒட்டிக் கேரளக் கரையைத் தொடும் அக்காற்று, ஜூன் 11-ஆம் நாளளவில் மும்பையை அடைகிறது. அரபிக் கடலின் ஈரத்தைச் சுமந்து வரும் காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நின்று தடுக்கிறது. தடுக்கப்பட்ட காற்று மேலெழுகிறது. எழுந்த காற்று குளிர்கிறது. குளிர்ந்த ஈரம் மழையாகக் கொட்டுகிறது. மலையைக் கடந்து கிழக்கே செல்லும்போது அக்காற்றில் எஞ்சுவது சிறிதளவு ஈரமே. ஒரே காற்று மும்பையை நனைப்பதும் தமிழகத்தின் பெரும்பகுதியை வறளவிடுவதும் இதனாலேயே. சென்னை நகர் ஓராண்டு முழுவதும் பெறும் மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். மும்பையோ ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கே மாதங்களில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெறுகிறது.

ஆயினும் மழையின் மிகுதி ஒன்றே மும்பையின் வெள்ளத்துக்குக் காரணமன்று. நகரம் அமைந்த நிலத்தையும் நாம் நோக்க வேண்டும். இன்று ஒரே நிலப்பரப்பாகத் தோன்றும் தென் மும்பை, முன்னாளில் ஏழு தீவுகளாக இருந்தது. கொலாபா, மசகான், பரேல், வொர்லி, மாகிம் முதலிய பெயர்கள் அத்தீவுகளின் நினைவாக நிற்பவை. கடல் பெருகும்போதெல்லாம் தீவுகளின் நடுவே இருந்த தாழ்நிலங்களில் உப்புநீர் புகுந்துவிடும். 18-ஆம் நூற்றாண்டில் ஆளுநர் ஹார்ன்பியின் காலத்தில் எழுந்த கல்லணை, மகாலட்சுமிக்கும் வொர்லிக்கும் இடையே கடல் நுழைந்த வாயை அடைத்தது. அதன்பின் தாழ்நிலங்கள் சிறிது சிறிதாகத் தூர்க்கப்பட்டன. அவற்றின்மேல் தெருக்களும் ஆலைகளும் குடியிருப்புகளும் எழுந்தன. நிலத்தின் உருவம் மாறியது; தாழ்வு மாறவில்லை. மழைநீர் இன்றும் அப்பழைய பள்ளங்களையே தேடி ஓடுகிறது.

அவ்வாறு ஓடிய நீர் இறுதியில் கடலைச் சேர வேண்டும். இங்கேதான் கடலின் ஏற்றவற்றம் குறுக்கிடுகிறது. மும்பைக் கடல் ஒரு நாளில் இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் மிகுதி. மழைக்காலத்தில் அது 4.5 மீட்டரையும் கடப்பதுண்டு. நகரத்தின் பழைய வடிகால்கள் பலவற்றின் வாய்கள், ஏற்றத்தின்போது கடல்மட்டத்துக்குக் கீழே அமைந்துவிடுகின்றன. அவ்வேளையில் வடிகால் நீர் வெளியேற வழியில்லை. கதவில்லாத இடங்களில் கடல்நீரே எதிர்த்து உள்ளே புகும். மேலும் அப்பழைய வடிகால்கள், கடல் வற்றியிருக்கும் வேளையில் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையைத் தாங்கும் அளவிலேயே கட்டப்பட்டவை. எனவே நண்பகலில் கடல் ஏறும் வேளையில் பெய்யும் மழை தெருவில் தேங்குகிறது. அதே அளவு மழை கடல் வற்றும் வேளையில் பெய்தால் ஓடி வடிகிறது. ஹாஜி அலி, இர்லா போன்ற இடங்களில் நீரிறைக்கும் நிலையங்கள் அமைக்கப்பட்டதும், பரேலை அடுத்த இந்துமாதா பகுதியின் மழைநீரைத் தேக்கி வைத்துப் பின்னர் வெளியேற்ற நிலத்தடித் தொட்டிகள் கட்டப்பட்டதும் இக்குறையைத் தணிப்பதற்கே.

வானமும் கடலும் ஒருங்கே பகைத்தால் நேர்வது என்ன என்பதை 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் காட்டியது. அன்று சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அதே பொழுதில் நகரின் தென்கோடியான கொலாபாவில் பெய்தது 73 மில்லிமீட்டர் மட்டுமே. தெற்கே அலுவலகத்தில் இருந்தவர்கள் வடக்கே தம் வீடு மூழ்குவதை அறியாமலே புறப்பட்டனர். விகார் ஏரியின் மிகுநீரைச் சுமந்து மாகிம் கழிமுகத்தை நோக்கி வரும் மித்தி ஆறு கரைபுரண்டது. தமிழர் பலர் வாழும் தாராவி, அந்த ஆற்றின் ஓரத்தில் இருப்பதை நாம் அறிவோம். ரயில்கள் நின்றன, சாலைகள் ஆறுகளாயின. நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். நீரில் சிக்கிய கார்களின் கதவு திறவாமல் உள்ளேயே மூச்சடைத்து மாண்டவரும் உண்டு. இரவு முழுவதும் அலுவலகத்திலோ, பள்ளியிலோ, முன்பின் அறியாதார் வீட்டிலோ தங்கி, மறுநாள் நலமே திரும்பியவர் எண்ணற்றோர்.

இதிலிருந்து மழைக்காலத்தில் மும்பைக்குச் செல்வோர் கொள்ள வேண்டிய முதல் பாடம் தெளிவாகிறது. வானத்தைப் பார்ப்பதோடு கடலின் நேரத்தையும் பார்க்க வேண்டும். ஏற்றம் எப்போது, எத்தனை மீட்டர் என்பதை நாளிதழ்களும் மாநகராட்சியும் அன்றாடம் அறிவிக்கின்றன. ஏற்றத்தின் உச்சம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தி வரும்; உச்சத்துக்குப் பின் ஆறு மணி நேரத்தளவில் கடல் வற்றிவிடும். வானிலைத் துறை சிவப்பு எச்சரிக்கை விடுத்த நாளில் கடல் ஏற்றமும் மிகுந்திருக்குமாயின், அன்று வெளியே செல்லாதிருப்பதே அறிவுடைமை.

இரண்டாவதாக, பயணத்தில் ஒரு நாளை மிகையாக வைத்துக்கொள்வது நலம். சயான், குர்லா பகுதிகளில் தண்டவாளத்தின்மேல் நீர் நின்றால் உள்ளூர் ரயில்கள் நின்றுவிடும். கொங்கண் ரயில் பாதையில் மழை மாதங்களுக்கென்றே வேகம் குறைந்த தனிக் கால அட்டவணை உண்டு. தேர்வுக்கோ மருத்துவமனைக்கோ செல்பவர்கள் முதல் நாளே வந்து சேர்வது மனக்கவலையைத் தவிர்க்கும்.

மூன்றாவது, தேங்கிய நீரில் நடத்தல் தகாது. நீரின் அடியில் சாக்கடை மூடி திறந்து கிடப்பதை எவரும் காண இயலாது. அதில் வீழ்ந்து உயிர் துறந்தவர்கள் உண்டு. காலில் புண்ணிருந்தால் எலிக்காய்ச்சல் தொற்றும் அபாயமும் உண்டு. தவிர்க்க இயலாமல் வெள்ளநீரில் நடந்தவர்கள் காலை நன்கு கழுவி, காய்ச்சல் வரும்வரை காத்திராமல் மருத்துவரை அணுக வேண்டும்.

இவை யாவும் மழைக்கால மும்பையைக் கண்டு அஞ்சுவதற்காகக் கூறியவை அல்ல. அம்மாதங்களில் மட்டுமே கிட்டும் காட்சிகள் பல. சென்னையிலிருந்து செல்லும் ரயில் லோணாவளாவைக் கடந்து போர்காட் மலைச்சரிவில் இறங்கும்போது இருபுறமும் அருவிகள் வெள்ளிக் கம்பிகளாய்த் தொங்கும். வடக்கே தேசியப் பூங்காவினுள் அமைந்த கானேரிக் குகைகளில், பண்டைப் பௌத்தத் துறவிகள் மழைநீரைச் சேர்க்கப் பாறையிலேயே குடைந்த கால்வாய்களையும் தொட்டிகளையும் இன்றும் காணலாம். அத்தொட்டிகளின் பயன் விளங்குவதும் மழை நாளில்தான். கடற்கரைச் சாலையில் அலை எழும்பிச் சிதறுவதும் கண்கொள்ளாக் காட்சியே. ஆனால் ஏற்றத்தின்போது சுவரோரம் நிற்பது உயிருக்கு உலை. கோலி மீனவரே ஜூன், ஜூலை மாதங்களில் வலையைச் சுருட்டிக் கரையில் இருக்கின்றனர். மீனினம் பெருகுவதற்காக அரசு விதித்த தடைக்காலமும் அதுவே. ஆவணி முழுமதியில், கடலுக்குத் தேங்காய் அளித்து வழிபட்டு மீண்டும் தொழிலில் இறங்குவது அவர்தம் மரபு. கடலை நன்கறிந்தவரே அடங்கி இருக்கும் காலத்தில், விருந்தினராய் வந்தவர் துணிச்சல் காட்டுதல் அழகன்று.

இன்னும் ஒன்றையும் நாம் எண்ண வேண்டும். துள்சி, விகார், தான்சா, பாட்சா முதலிய ஏழு ஏரிகளும் இந்த நான்கு மாதங்களில் நிரம்பினால்தான் நகரத்துக்கு அடுத்த மழை வரையில் குடிநீர் உண்டு. தெருவில் இடர் செய்யும் அதே மழையே குழாயில் உயிர்நீராய் வருகிறது. மழை பொய்த்த ஆண்டில் அங்குள்ள நம் மக்கள் படும் துயர், வெள்ளத் துயரினும் குறைந்ததன்று.

மும்பையில் வாழும் பிள்ளைக்கோ உடன்பிறந்தாருக்கோ பெருமழை நாளில் தொலைபேசியில் பேசும்போது, எப்படியேனும் வீடு வந்து சேர் என்று நாம் பதறுவது இயல்பு. அப்பதற்றமே அவரை வெள்ளத்தில் இறக்கிவிடவும் கூடும். இருக்கும் இடத்திலேயே இரு, கடல் வற்றிய பின் புறப்படு என்று சொல்வதே அவருக்கு நாம் செய்யும் பேருதவியாகும்.