'ஊடுருவல் முயற்சி தடுக்கப்பட்டது': வீட்டு ரவுட்டர் எச்சரிக்கை வந்தால் எப்போது கவலைப்பட வேண்டும்?

புதுதில்லி: வீட்டு வைஃபை ரவுட்டரின் செயலியிலோ கணினியின் ஆன்டிவைரஸ் மென்பொருளிலோ நள்ளிரவில் ஓர் அறிவிப்பு வருகிறது: "ஊடுருவல் முயற்சி தடுக்கப்பட்டது". கீழே அறிமுகமில்லாத ஓர் ஐபி முகவரி, அதனருகே ஏதோ ஓர் அயல்நாட்டின் கொடி. வங்கிச் செயலியும் ஆதார் நகலும் குழந்தைகளின் புகைப்படங்களும் அதே இணைப்பில் இருக்கும் வீட்டில், தூக்கத்தைக் கெடுக்க இந்த ஒற்றை வரி போதும்.

அந்த வரியில் கவனிக்க வேண்டிய சொல் 'தடுக்கப்பட்டது' என்பதாகும். இத்தகைய எச்சரிக்கைகளில் மிகப் பெரும்பாலானவை குறிப்பிட்ட எந்த வீட்டையும் குறிவைத்து வருபவை அல்ல. மாறாக, உண்மையில் அஞ்ச வேண்டிய ஊடுருவல்கள் பல நேரங்களில் எந்த அறிவிப்பும் இன்றி நடந்து முடிகின்றன.

கதவைத் தட்டும் இயந்திரங்கள்

ஐபிவி4 எனப்படும் பழைய முறையில் உலகம் முழுவதற்கும் சுமார் 430 கோடி இணைய முகவரிகளே உள்ளன. இது பெரிய எண்ணாகத் தோன்றினாலும் கணினிக்குப் பெரிதல்ல. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட 'இசட்மேப்' என்ற மென்பொருள், வேகமான இணைப்பு கொண்ட ஒரே கணினியிலிருந்து இணையத்தின் பொது முகவரிகள் அனைத்தையும் 45 நிமிடங்களுக்குள் ஒருமுறை தொட்டுப் பார்க்க முடியும் என்று காட்டியது. 2009 முதல் இயங்கும் 'ஷோடான்' தேடுபொறி, இணையத்தில் திறந்து கிடக்கும் கேமராக்களையும் ரவுட்டர்களையும் தொடர்ந்து தேடிப் பட்டியலிடுகிறது. ஆய்வாளர்கள், பாதுகாப்பு நிறுவனங்கள், குற்றவாளிகள் என எல்லோரும் ஒரே நேரத்தில் இதைச் செய்வதால், பொது முகவரி உள்ள எந்த இணைப்பும் நாள் முழுவதும் தட்டப்பட்டுக்கொண்டே இருக்கும்.

தட்டப்படும் இடம் 'போர்ட்' எனப்படும் எண்ணிட்ட வாயிலாகும். ஒவ்வொரு முகவரிக்கும் இவ்வகை வாயில்கள் 65,536 உண்டு. சாதனங்களைத் தொலைவிலிருந்து இயக்கும் பழைய டெல்நெட் வசதிக்கு 23, விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்கு 445, தொலைநிலை டெஸ்க்டாப்புக்கு 3389 ஆகியவை அதிகம் தேடப்படுபவை. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய 'வான்னாகிரை' பணயத் தீநிரல் 445 வழியாகவே கணினிக்குக் கணினி தாவியது.

ரவுட்டரில் உள்ள ஃபயர்வால், வீட்டிலிருந்து வெளியே தொடங்கப்பட்ட இணைப்புகளைக் குறித்து வைத்துக்கொள்கிறது. அந்தக் குறிப்பில் உள்ள இணைப்புக்கான பதில் வந்தால் உள்ளே விடும். கேட்காமல் வருவதைக் கைவிடும். கைவிட்டதைச் சில ரவுட்டர்கள் மௌனமாகப் பதிவேட்டில் எழுதும், சில கைபேசியில் அறிவிக்கும். அறிவிப்பின் எண்ணிக்கையை வைத்து ஆபத்தை அளவிட முடியாததற்கு இதுவே காரணம்.

கூகுள் தாக்குகிறதா?

பதிவேட்டைத் திறந்து பார்ப்பவர்களை மேலும் குழப்புவது, கூகுள் போன்ற பெருநிறுவனங்களின் முகவரிகள் தாக்குதல் நடத்துவோர் பட்டியலில் தோன்றுவது. கைபேசி ஓர் இணையப் பக்கத்தை மூடிவிட்ட பிறகு அதற்கான பதில் தாமதமாக வந்து சேர்ந்தால், ஃபயர்வால் தன் குறிப்பிலிருந்து அந்த இணைப்பை அதற்குள் நீக்கியிருக்கும். அநாதையாக வந்த பதிலை அது 'போர்ட் ஸ்கேன்' என்றோ 'டாஸ் தாக்குதல்' என்றோ பெயரிட்டு எழுதிவிடும். மலிவான ரவுட்டர்கள் இந்தப் பெயர்களைத் தாராளமாகவே பயன்படுத்துகின்றன.

192.168 அல்லது 10 என்று தொடங்கும் முகவரி வெளியார் முகவரியாக இருக்க வாய்ப்பு குறைவு. அவை வீட்டுக்குள்ளோ சேவை நிறுவனத்தின் வலையமைப்புக்குள்ளோ மட்டும் பயன்படுபவை. 239.255.255.250 என்பது தொலைக்காட்சியும் கைபேசியும் ஒன்றையொன்று தேடிக்கொள்ளும் பொது அழைப்பு. 'புதிய சாதனம் இணைந்தது' என்ற அறிவிப்பும் பெரும்பாலும் வீட்டுக் கைபேசியே. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் கைபேசிகள் தனியுரிமைக்காகத் தங்கள் வன்பொருள் அடையாள எண்ணை மறைத்து வேறு எண்ணைக் காட்டுவதால், பழைய கைபேசியை ரவுட்டர் புதிதாக வந்ததாக எண்ணிவிடுகிறது. எல்லாச் சாதனங்களையும் ஒருமுறை அணைத்துவிட்டுப் பட்டியலைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

கொடியைக் கண்டு ஒரு நாட்டின் மீது குற்றம் சுமத்துவதும் பயனற்றது. முகவரி எங்கே பதிவாகியுள்ளது என்பதைத்தான் அது சொல்லும். அங்கே வாடகைக்கு எடுக்கப்பட்ட சர்வரையோ, ஏற்கெனவே கைப்பற்றப்பட்ட வேறொருவரின் கேமராவையோ இயக்குபவர் எங்கும் இருக்கலாம்.

இந்திய இணைப்புகளின் நிலை

இந்தியாவில் கைபேசி இணைப்புகளிலும் பல ஃபைபர் இணைப்புகளிலும் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்கின்றனர். 'சிஜிநாட்' எனப்படும் இந்த ஏற்பாட்டில், வெளியிலிருந்து தட்டுவோர் வீட்டு ரவுட்டர் வரை வந்து சேர்வதே அரிது. ஆனால் ஐபிவி6 பயன்பாட்டில் இந்தியா உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்று. அம்முறையில் ஒவ்வொரு சாதனத்துக்கும் தனிப் பொது முகவரி கிடைப்பதால் பகிர்வு தரும் மறைப்பு அங்கே இல்லை. ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வால் இயங்குகிறதா என்பதைத் தனியே சரிபார்ப்பது அவசியம்.

உள்ளிருந்து வெளியே செல்லும் எச்சரிக்கை

கவலைக்குரியது எதிர்த்திசையில் வருவது. வீட்டிலுள்ள கேமராவோ டிவி பெட்டியோ அறிமுகமற்ற பல முகவரிகளின் 23-ஆம் போர்ட்டைத் தொடர்ந்து தொடர்புகொள்ள முயல்வதாகப் பதிவேடு காட்டினால், தட்டும் இயந்திரமாக அந்த வீடே மாறிவிட்டது என்று பொருள்.

2016-இல் இது பெரிய அளவில் நடந்தது. 'மிராய்' என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைக்கப்பட்ட அறுபதுக்கும் மேற்பட்ட பயனர்பெயர்-கடவுச்சொல் இணைகளை மட்டுமே முயன்று லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அவற்றின் துணையுடன் 'டின்' நிறுவனம் தாக்கப்பட்டபோது, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட தளங்கள் அமெரிக்காவின் பல பகுதிகளில் முடங்கின. கேமராவின் உரிமையாளர்களுக்குப் படம் வழக்கம்போலவே தெரிந்துகொண்டிருந்தது. இந்தியாவிலும் 2017 ஜூலையில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடம்கள் தீநிரலால் பாதிக்கப்பட்டன. தொடக்கக் கடவுச்சொல்லான 'அட்மின்' மாற்றப்படாமல் இருந்ததே அதற்கு வழிவிட்டது. கடவுச்சொல்லை மாற்றுமாறு வாடிக்கையாளர்களை அந்நிறுவனம் கேட்டுக்கொண்டது.

ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல் திடீரெனச் செல்லாமல் போவது, டிஎன்எஸ் அமைப்பில் எவரும் இடாத முகவரி இருப்பது, எவரும் உருவாக்காத போர்ட் திறப்பு விதி காணப்படுவது ஆகியவையும் உண்மையான அடையாளங்கள். இவற்றுள் ஒன்றிருந்தாலும் ரவுட்டரைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பி, மீண்டும் இணையத்தில் இணைக்கும் முன்பே நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். வெறுமனே அணைத்துப் போடுவது போதாது. மிராய் அணைத்தவுடன் நினைவகத்திலிருந்து அழிந்துவிடும். கடவுச்சொல் பழையதாகவே இருந்தால் விரைவில் திரும்பி வந்துவிடும்.

தொலைநிலை நிர்வாக வசதி, தானாகவே போர்ட் திறக்கும் யூபிஎன்பி ஆகியவற்றை அணைத்துவைப்பது, கேமராக்களை விருந்தினர் வைஃபையில் தனியே இணைப்பது ஆகியவை செலவில்லாத பாதுகாப்புகள். ரவுட்டரின் உள்மென்பொருளுக்குப் புதுப்பிப்பு வருவது நின்றுவிட்டால் அதை மாற்றுவதைத் தவிர நல்ல வழி இல்லை. மத்திய அரசின் 'சைபர் ஸ்வச்தா கேந்திரா' மையம் 2017 முதல் தீநிரல் நீக்கும் கருவிகளை இலவசமாக வழங்கி வருகிறது.

தொலைபேசி எண் இருந்தால் போலி

அச்சத்தையே மூலதனமாக்கும் மோசடியும் உண்டு. உலாவியில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தவுடன் திரை முழுவதும் 'ஃபயர்வால் உடைக்கப்பட்டது, உடனே அழையுங்கள்' என்ற அறிவிப்பு அலறலுடன் தோன்றும். அழைத்தால், கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் சொல்வார்கள். தனது எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இடம்பெறாது என மைக்ரோசாஃப்ட் தெளிவாக அறிவித்துள்ளது. 2023 அக்டோபரில் சிபிஐ 76 இடங்களில் நடத்திய 'ஆபரேஷன் சக்ரா-2' சோதனைகளில், தொழில்நுட்ப உதவி மையமாக நடித்த கால்சென்டர்கள் குறித்து மைக்ரோசாஃப்டும் அமேசானும் அளித்த புகார்களும் இடம்பெற்றன. ஃபயர்வாலை எவரும் தொடாமலேயே இங்கே பணம் பறிபோகிறது.

புகார் அளிக்கும் முன்

பணம் இழந்திருந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். தேசிய இணையக் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யலாம். இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் செர்ட்-இன் அமைப்புக்குத் தனிநபர்களும் தகவல் தரலாம். ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற 2022 ஏப்ரல் உத்தரவு நிறுவனங்களுக்கும் அரசு அமைப்புகளுக்கும் உரியது, வீடுகளுக்கு அல்ல.

ரவுட்டரை மறுதொடக்கம் செய்வதற்கு முன் பதிவேட்டைப் படமெடுத்து வைப்பது நல்லது. பல ரவுட்டர்களில் மின்சாரம் நின்றவுடன் பதிவேடு அழிந்துவிடும். அதன் கடிகாரம் இந்திய நேரத்தைக் காட்டுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஒரே முகவரியைப் பலர் பகிரும் இணைப்புகளில், முகவரி, போர்ட் எண், துல்லியமான நேரம் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால்தான் எந்த இணைப்பிலிருந்து அது நடந்தது என்பதைச் சேவை நிறுவனத்தால் கண்டறிய இயலும்.