எங்கள் வீட்டு ஆகாய விமானம்

உங்கள் வீட்டில் ஆகாய விமானம் இருக்கிறதா?

சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டில் இருக்கிறது. மூன்று மாத காலம் அது சாப்பாட்டு மேஜையில் முக்கால் பாகத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. மிச்சமிருந்த கால் பாகத்தில்தான் நாங்கள் தட்டை வைத்துச் சாப்பிட்டோம். தக்கையைப் போல் லேசான பால்ஸா மரச் சட்டங்களை ஒட்டி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள் போர்த்தி, என் தமக்கையின் மகன் தன் கையாலேயே செய்த விமானம். இறக்கை நாலரை அடி நீளம். முன்னால் ஒரு மின்சார மோட்டார். அதில் ஒரு புரொப்பெல்லர். தரையில் நின்றபடி ரிமோட் பெட்டியில் இரண்டு குச்சிகளை அசைத்தால், ரேடியோ அலைகள் போய் அதற்குக் கட்டளையிடும்.

"சித்தி, ஞாயிற்றுக்கிழமை முதன் முதலாகப் பறக்கவிடப் போகிறேன். நீங்களும் வரணும்" என்றான்.

"எனக்கு என்னடா தெரியும்?"

"ஒன்றும் தெரிய வேண்டாம். நான் தரும் காகிதத்தைப் படித்து, ஒவ்வொன்றாக 'ஆயிற்றா?' என்று கேட்டால் போதும்."

மளிகைக் கணக்குப் போல நீண்டிருந்தது அந்தக் காகிதம். அதைப் படித்த பிறகுதான், பறப்பதைவிடப் பறப்பதற்கு முன் செய்ய வேண்டியவையே அதிகம் என்று எனக்கு விளங்கிற்று. உங்கள் வீட்டுப் பிள்ளையோ பெண்ணோ நாளைக்கு இப்படி ஒரு விமானத்தோடு வந்து நிற்கலாம். அப்போது உதவட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

வீட்டிலேயே பாதி வேலை

முதலில் பாட்டரி. இந்த விமானங்களில் இருப்பது லிதியம் பாலிமர் பாட்டரி. கையடக்கமாக இருக்கும், ஆனால் கோபம் வந்தால் தீப்பிடித்து எரியும். சார்ஜ் ஏறும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். மெத்தை, திரைச்சீலை அருகே வைக்கலாகாது. சிமெண்டுத் தரையே உத்தமம். அப்பளம் போல் உப்பிய பாட்டரியை மறுபடி உபயோகிக்கவே கூடாது.

அடுத்தது புரொப்பெல்லர். மேஜை விசிறியையாவது கம்பிக் கூண்டுக்குள் வைத்திருக்கிறார்கள். இதற்குக் கூண்டு கிடையாது. நிமிஷத்துக்குப் பல ஆயிரம் சுற்றுச் சுற்றும். விரல் பட்டால் விரல் போய்விடும். ஆகையால் வீட்டில் சோதனை செய்யும்போது புரொப்பெல்லரைக் கழற்றி வைத்துவிட வேண்டும். மைதானத்திலும் அதற்கு முன்னாலோ பக்கவாட்டிலோ யாரும் நிற்கக் கூடாது. பின்னால்தான் நிற்க வேண்டும்.

மூன்றாவது, எடை சமன். இறக்கையின் முன் ஓரத்திலிருந்து அதன் அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே, இரு பக்கமும் ஒவ்வொரு விரலைக் கொடுத்துத் தூக்கிப் பாருங்கள். விமானம் தராசு முள் போல் மட்டமாக நிற்க வேண்டும். மூக்கு லேசாகத் தாழ்ந்தால் பாதகமில்லை. வால் தாழ்ந்தால் பறக்கவிடவே கூடாது. மூக்குக் கனத்த விமானம் சோம்பலாகப் பறக்கும். வால் கனத்த விமானம் ஒரே ஒரு தடவைதான் பறக்கும் என்பது இந்தக் கலையில் பழகியவர்களின் அனுபவ மொழி.

கடைசியாக, ரேடியோ தொடர்பு அறுந்தால் என்ன ஆகும்? மோட்டார் தானே நின்றுவிடும்படி முன்கூட்டியே அமைத்துவிட வேண்டும். புரொப்பெல்லர் இல்லாமல் மோட்டாரை ஓடவிட்டு, ரிமோட்டை அணைத்தால் உண்மை தெரிந்துவிடும். பறக்கும் நாளில் ரிமோட்டை முதலில் போட்டு, பிறகு விமானத்தின் பாட்டரியை இணைக்க வேண்டும். முடிந்தபின், முதலில் பாட்டரியைக் கழற்றி, பிறகு ரிமோட்டை அணைக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

காலை ஆறரை மணிக்கு ஊருக்கு வெளியே ஒரு வற்றிய ஏரிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒருநாள் முன்னதாகவே அவன் அரசாங்க வரைபடத்தில் அந்த இடத்தைப் பார்த்து வைத்திருந்தான். 2021-ஆம் ஆண்டின் டிரோன் விதிகள் நம் ஆகாயத்தைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்தன. விமான நிலையத்தின் பக்கத்தில் பொம்மை விமானமானாலும் நம் இஷ்டத்துக்குப் பறக்கவிட முடியாது.

மின்சாரக் கம்பி இல்லை, சாலை இல்லை, காற்றும் இல்லை. ஆனால் சற்று நேரத்தில் எங்கிருந்தோ ஏழெட்டுச் சிறுவர்கள் வந்துவிட்டார்கள்! அவர்களை எங்களுக்குப் பின்னால், இடது பக்கமாக ஒரு வேப்ப மரத்தடியில் நிற்கச் சொன்னோம்.

நான் காகிதத்தைப் பிரித்தேன்.

"பாட்டரி நிறைய இருக்கிறதா?" "ஆயிற்று, சித்தி." "இறக்கைத் திருகுகள்?" "ஆயிற்று." "தூரச் சோதனை?" ரிமோட்டின் சக்தியைக் குறைத்து வைக்கும் ஏற்பாடு அதிலேயே உண்டு. அப்படிக் குறைத்துக்கொண்டு நாற்பது தப்படி நடந்து போய்க் குச்சியை அசைத்தான். விமானத்தின் மடல்கள் பிசகாமல் ஆடின. "ஆயிற்று."

"விமானத்துக்குப் பின்னால் நின்று வலது குச்சியை வலது பக்கம் தள்ளு. வலது இறக்கை மடல் மேலே போகிறதா?"

தள்ளினான். மடல் கீழே போயிற்று.

அவன் முகம் வெளுத்துவிட்டது. முதல் நாள் இரவு, மடலை அசைக்கும் சின்ன மோட்டார் பழுதாகி, வேறொன்றைப் பொருத்தியிருக்கிறான். அது எதிர்ப் பக்கமாகச் சுற்றுகிற ரகம். தூக்கக் கலக்கத்தில் அதைச் சோதிக்க மறந்துவிட்டான்.

அப்படியே கிளம்பியிருந்தால்? விமானம் இடது பக்கம் சாயும். பதறிப்போய் வலது பக்கம் தள்ளுவான். அது இன்னும் இடது பக்கமே சாயும். இரண்டே வினாடி. இடது பக்கத்தில்தான் அந்த வேப்ப மரம் இருந்தது.

ரிமோட்டில் ஓர் அமைப்பை மாற்றி அரை நிமிஷத்தில் அதைச் சரிசெய்துவிட்டான். சிறுவர்கள், "விடுங்க அண்ணா, விடுங்க!" என்று கூத்தாடினார்கள். அதற்குள் காற்றும் எழும்பத் தொடங்கியிருந்தது. அவன் விமானத்தைப் பார்த்தான், மரத்தடியைப் பார்த்தான்.

"சித்தி, இன்றைக்கு வேண்டாம். ஒன்றை மறந்தவன் இன்னொன்றையும் மறந்திருப்பேன். வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்கிறேன்."

மூன்று மாதம் காத்திருந்த பிள்ளை சொன்ன வார்த்தை அது. விமானம் பறந்ததைக் காட்டிலும் அன்று அதைப் பறக்காமல் திருப்பிக் கொண்டுவந்ததுதான் எனக்குப் பெருமை.

பறந்தது!

மறு ஞாயிறு எல்லாம் ஒழுங்காக இருந்தது. சூரியனுக்கு முதுகு காட்டி நின்றான். காற்று வீசும் திசைக்கு எதிர்முகமாக விமானத்தை ஓடவிட்டான். அது தரையை விட்டு எழும்பியதும் உடனே செங்குத்தாக ஏற்றவில்லை. அப்படி ஏற்றினால் வேகம் குறைந்து, இறக்கை தாங்காமல் குப்புற விழும். மெள்ள மெள்ள, தென்னை மர உயரத்துக்கு மூன்று பங்கு ஏற்றினான். உயரம் இருந்தால்தான் ஒரு தப்பு நேர்ந்தாலும் திருத்திக்கொள்ள அவகாசம் கிடைக்கும்.

பிறகு மோட்டாரைப் பாதி வேகத்துக்குக் குறைத்துக் குச்சியிலிருந்து விரலை எடுத்தான். விமானம் லேசாக இடது பக்கம் இழுத்தது. ரிமோட்டிலுள்ள சிறு பொத்தானை வலது பக்கம் இரண்டு தட்டுத் தட்டினான், நேராயிற்று. நம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தோன்றும். அப்போது எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளினால் நிமிரும். இறங்குவதற்கு முன், உயரத்திலேயே வேகத்தைக் குறைத்து, எந்த இடத்தில் அது தள்ளாடுகிறது என்றும் பார்த்துக்கொண்டான்.

நாலே நிமிஷம். பாட்டரி பாதிக்கு மேல் இருக்கும்போதே இறக்கிவிட்டான். எனக்குத்தான் மூச்சு வர இன்னும் நாலு நிமிஷம் ஆயிற்று!

அவன் காகிதத்தின் கடைசி வரியை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். "அபாயம் வந்தால் மோட்டாரை நிறுத்து, ஆளில்லாத இடத்தில் விழட்டும்." மூன்று மாத உழைப்பானாலும் அது மரமும் பசையும்தான். மறுபடி செய்துகொள்ளலாம்.

அப்படி மறுபடி மறுபடி செய்தவர் ஒருவர் உண்டு. அமெரிக்காவில் மேனார்ட் ஹில் என்ற முதியவர். கண் பார்வை பெரும்பாலும் போய்விட்டது, காதும் சரியாகக் கேளாது. அவர் செய்த பால்ஸா விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அட்லாண்டிக் சமுத்திரத்தில் விழுந்தன. அவர் விடவில்லை. 2003-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அவருடைய 77-வது வயதில், ஐந்து கிலோகூட இல்லாத ஒரு விமானம் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரையிலிருந்து கிளம்பிற்று. நடுச் சமுத்திரத்தில் தானியங்கிக் கருவியே அதை ஓட்டிச் சென்றது. சுமார் 3,000 கிலோமீட்டரை ஏறக்குறைய 39 மணி நேரத்தில் கடந்து அது அயர்லாந்தில் இறங்கிற்று.

எங்கள் வீட்டு விமானம் இப்போது அலமாரி மேல் இருக்கிறது. சாப்பாட்டு மேஜை எங்களுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

"சித்தி, அடுத்தது ஆறடி இறக்கை!" என்கிறான்.